டிஸ்இன்ட்ரஸ்டட், அன்இன்ட்ரஸ்டட்: இரண்டு சொற்களும் நான்கு அகராதிகளும்

ஓர் ஆங்கில அகராதி நல்லதா என்பதை அறிய அதில் எத்தனை இலட்சம் சொற்கள் உள்ளன என்று பார்ப்பதைவிட, ஆங்கிலம் பேசுவோரே தங்களுக்குள் சண்டையிட்டுக்கொள்ளும் சொற்களை அது எவ்வாறு கையாளுகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. மேசை, மழை, ஓடு போன்ற சொற்களை எந்த அகராதியும் ஒழுங்காகவே விளக்கிவிடும். ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’, ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்ற இணையில்தான் அகராதிக்காரர்களின் கொள்கை, துணிவு, வாசகர்மீது அவர்கள் வைத்திருக்கும் மதிப்பு ஆகிய அனைத்தும் வெளிப்படுகின்றன. மெரியம்-வெப்ஸ்டர், ஆக்ஸ்ஃபர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ், காலின்ஸ் கோபில்ட், அமெரிக்கன் ஹெரிட்டேஜ் ஆகிய நான்கையும் இந்த ஓர் இணையை மட்டும் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். நான்கையும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டவரின் பார்வை இது. மாணவருக்கும் வழக்கறிஞருக்கும் தேவைகள் சற்று வேறுபடலாம்.

இரு சொற்களுக்கும் வேர் ‘இன்ட்ரஸ்ட்’ என்ற பெயர்ச்சொல். அச்சொல்லுக்கு இரு கிளைகள் உண்டு. ஒன்று உரிமை, பங்கு, ஆதாயம் என்ற கிளை. வட்டி என்ற பொருளும் அதைச் சேர்ந்ததே. மற்றது ஆர்வம், நாட்டம் என்ற கிளை. இது வரலாற்றில் பின்னர் முளைத்தது. இன்றைய கவனமான உரைநடையில் டிஸ்இன்ட்ரஸ்டட் என்பது முதற்கிளையை மறுக்கிறது: ஒரு விவகாரம் எப்படி முடிந்தாலும் தனக்கு இலாபமோ நட்டமோ இல்லாதவர் என்று பொருள். அன்இன்ட்ரஸ்டட் என்பது இரண்டாம் கிளையை மறுக்கிறது: அந்த விவகாரத்தில் மனம் செல்லாதவர் என்று பொருள். இவ்வளவுதான் விதி என்றால் அகராதிகளை ஒப்பிட வேண்டிய அவசியமே இராது. பேச்சிலும், பத்திரிகைகளிலும், சில வேளைகளில் நல்ல எழுத்தாளர்களிடத்திலும் டிஸ்இன்ட்ரஸ்டட் என்பது ‘ஆர்வமற்ற’ என்ற பொருளிலேயே வருகிறது என்பதுதான் சிக்கல்.

அகராதிகளைச் சோதிக்க இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை எடுத்துக்கொண்டேன். இராஜஸ்தான் அரசுக்கும் கல்கி என்பவருக்கும் இடையிலான வழக்கில் 1981-இல் வந்த தீர்ப்பு அது. கொலையுண்டவரின் மனைவிதான் நேரில் கண்ட சாட்சி. அவர் உறவினர் என்பதால் அவருடைய சாட்சியத்தை நம்பலாகாது என்று வாதிடப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உறவுடைய சாட்சி வேறு, ‘இன்ட்ரஸ்டட்’ சாட்சி வேறு என்று கூறி, வழக்கின் முடிவால் ஏதேனும் பயன் அடையக்கூடியவரையே அவ்வாறு அழைக்க முடியும் என்று விளக்கியது. இதற்கு முன்னரே, 1953-இல், தலிப் சிங் வழக்கில் நீதிபதி விவியன் போஸ், நெருங்கிய உறவினர் உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு நிரபராதியைச் சிக்கவைப்பதைக் கடைசியாகத்தான் செய்வார் என்ற பொருளில் எழுதியிருந்தார். கணவனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அந்த வழக்கில் ஈடுபாடு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவரைவிட ஈடுபாடு கொண்டவர் அந்த மன்றத்திலேயே இருந்திருக்க முடியாது. ஆயினும் சட்டத்தின் கண்ணில் அவர் ‘இன்ட்ரஸ்டட்’ அல்லர். இந்த ஒரு வாக்கியத்தைப் படித்துத் திகைக்கும் வாசகரை எந்த அகராதி விரைவாகக் கரைசேர்க்கிறது என்பதே என் சோதனை.

ஆக்ஸ்ஃபர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி இச்சோதனையில் எளிதாகத் தேறுகிறது. ‘இன்ட்ரஸ்டட்’ என்ற பதிவிலேயே, ஒன்றை அறிந்துகொள்வதில் மகிழ்ச்சி கொண்டு கவனம் செலுத்துதல் என்ற முதற்பொருளுக்கு அடுத்ததாக, ஒரு சூழலால் ஆதாயம் அடையவோ பாதிக்கப்படவோ கூடிய நிலையில் இருத்தல் என்ற இரண்டாம் பொருளையும் அது தனியே எண்ணிட்டுத் தருகிறது. ‘நான் அதில் சம்பந்தப்பட்டவன் என்பதால் எனக்கு வாக்களிக்க அனுமதி இல்லை’ என்ற கருத்துள்ள எடுத்துக்காட்டும் உடன் நிற்கிறது. கல்கி தீர்ப்பைப் புரிந்துகொள்ள இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. எதிர்ச்சொற்களைப் பற்றிய சிறு பெட்டி ஒன்றும் உண்டு. ஆர்வத்துக்கு எதிர்ச்சொல் அன்இன்ட்ரஸ்டட். தான் சம்பந்தப்படாததால் நியாயமாக முடிவெடுக்கக்கூடியவர் டிஸ்இன்ட்ரஸ்டட். பேச்சில் பின்னதை முன்னதன் இடத்தில் சிலர் பயன்படுத்துவதுண்டு, ஆனால் அது தவறு என்று கருதப்படுகிறது. இந்த மூன்று செய்திகளும் ஒரு மூச்சில் படித்து முடிக்கும் அளவில் அங்கே உள்ளன. ‘கருதப்படுகிறது’ என்ற வினையைக் கவனிக்க வேண்டும். தவறு என்று தானே தீர்ப்புச் சொல்லாமல், அப்படிச் சொல்வோர் உளர் என்று மட்டும் அகராதி எச்சரிக்கிறது. தேர்வு எழுதுபவருக்கும், மேலதிகாரிக்குக் கடிதம் எழுதுபவருக்கும் இந்த எச்சரிக்கையே போதும்.

இந்த அகராதியின் பிறப்பே வேற்றுமொழியினருக்காக நிகழ்ந்தது என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி தம் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து தொகுத்து, 1942-இல் டோக்கியோவில் வெளிவந்த நூலை, போருக்குப் பின் 1948-இல் ஆக்ஸ்ஃபர்டு தன் பெயரில் வெளியிட்டது. தாய்மொழியாகப் பேசுபவருக்கு இயல்பாகத் தெரிவது எது, வெளியிலிருந்து வருபவருக்குத் தெரியாதது எது என்ற கவனம் இன்றும் அதன் பக்கங்களில் தென்படுகிறது. பிரிட்டன் ஒலிப்பும் அமெரிக்க ஒலிப்பும் தனித்தனிப் பொத்தான்களில் கேட்கக் கிடைக்கின்றன. குறை என்று சொன்னால், சொல்லின் வரலாறு பற்றி அது அநேகமாக வாய் திறப்பதில்லை. ஏன் சிலர் தவறு என்று கருதுகிறார்கள், அவர்கள் கருதுவது சரிதானா என்று கேட்பவருக்கு அங்கே பதில் இல்லை.

கோபில்ட் அகராதியை இங்கே சுருக்கமாகவே குறிப்பிடப்போகிறேன், ஆனால் ஒரு காரணத்துக்காக அதை விட்டுவிட முடியாது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் கணினியில் திரட்டிய பெரும் உரைத்தொகுப்பைக் கொண்டு உருவாகி, 1987-இல் வெளிவந்த அகராதி அது. பொருள் விளக்கத்தை முழு வாக்கியமாகவே எழுதுவது அதன் தனித்தன்மை. டிஸ்இன்ட்ரஸ்டட் என்பதன் நடுநிலைப் பொருளை விளக்கும்போது ‘ஒருவர் இப்படி இருந்தால்’ என்று சொல்லை அப்படியே நிறுத்துகிறது. ஆர்வமின்மைப் பொருளை விளக்கும்போது ‘ஒருவர் ஒன்றில் இப்படி இருந்தால்’ என்று ‘இன்’ என்ற முன்னிடைச் சொல்லைச் சேர்த்து எழுதுகிறது. மற்ற அகராதிகள் பத்தி பத்தியாகச் சொல்வதை இந்த ஒரு சிறு இடைச்சொல் சொல்லிவிடுகிறது. ஆங்கில உரையில் டிஸ்இன்ட்ரஸ்டட் என்ற சொல்லைத் தொடர்ந்து ‘இன்’ வந்தால், எழுதியவர் பெரும்பாலும் ஆர்வமின்மையையே கருதுகிறார். சாட்சி, பார்வையாளர், ஆலோசனை, தரப்பு போன்ற பெயர்ச்சொற்களுக்கு முன் அடையாக வந்தால் பெரும்பாலும் ஆதாயமின்மையைக் கருதுகிறார். மொழிபெயர்ப்பவருக்குக் கைகொடுக்கும் அடையாளம் இது. கோபில்ட் இதை ஒரு விதியாக எழுதி வைக்கவில்லை. வாக்கியத்தை அமைத்த விதத்திலேயே காட்டிவிடுகிறது.

மெரியம்-வெப்ஸ்டர்தான் நான்கில் மிகச் சுவையானது. முதல்முறை வருபவரைக் குழப்பக்கூடியதும் அதுவே. டிஸ்இன்ட்ரஸ்டட் பதிவைத் திறந்தவுடன் முதற்பொருளாக நிற்பது ‘மனமோ உணர்வோ ஈடுபடாத’ என்பது. அதன் உட்பிரிவாக, முன்பு இருந்த ஆர்வம் இப்போது இல்லாமற்போன நிலை. நடுநிலை என்ற பொருள் இரண்டாவது இடத்தில்தான் வருகிறது. பள்ளியிலும் வழிகாட்டி நூல்களிலும் தவறு என்று கற்றுக்கொண்ட பொருளையே அகராதி முதலில் வைத்திருப்பதைக் கண்டு, இனி இதுவே சரி என்று முடிவுகட்டிப் பக்கத்தை மூடிவிடுபவர் பலர் இருப்பர். உண்மையில் அந்த வரிசை மதிப்பின் வரிசை அன்று. எந்தப் பொருள் வரலாற்றில் முதலில் வழங்கியதோ அதை முதலில் வைப்பது அந்நிறுவனத்தின் நெடுநாளைய வழக்கம். இதை முன்னுரையில் சொல்லியிருக்கிறார்கள் என்பது உண்மையே. முன்னுரையைப் படித்துவிட்டு அகராதியைப் புரட்டும் மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆனால் பக்கத்தை மூடாமல் கீழே இறங்குபவருக்கு அங்கே ஒரு பத்தி காத்திருக்கிறது. 2003-இல் வந்த, அந்நிறுவனத்தின் ‘காலேஜியேட்’ அகராதியின் பதினொன்றாம் பதிப்பின் அச்சிலும் உள்ள பத்தி அது. அதன்படி, அன்இன்ட்ரஸ்டட் என்ற சொல்லுக்குத்தான் தொடக்கத்தில் நடுநிலை என்ற பொருள் இருந்தது. டிஸ்இன்ட்ரஸ்டட் என்ற சொல்லின் தொடக்கப் பொருள் ஆர்வமின்மை. பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டின் பழைய பொருள்களும் வழக்கொழிந்தன. அன்இன்ட்ரஸ்டட் இன்றைய பொருளைப் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிஸ்இன்ட்ரஸ்டட் என்பதன் பழைய பொருள் மீண்டும் உயிர்பெற்றது; அன்இன்ட்ரஸ்டட் என்பதன் பழைய பொருள் திரும்பவில்லை. ஆகவே இன்று ‘புதிய பிழை’ என்று கண்டிக்கப்படுவது, மூத்த பொருளின் மறுவருகை. அதே மூச்சில், பதிப்பாசிரியர்கள் திருத்திய உரைநடையில் நடுநிலைப் பொருளே இன்றும் மிகுதியாக வழங்குகிறது, அது மறையும் அறிகுறி ஏதுமில்லை என்றும் அந்தப் பத்தி பதிவுசெய்கிறது. அதாவது இரு தரப்பின் அச்சமும் ஆதாரமற்றது: ‘அழகான வேறுபாடு அழிகிறதே’ என்று புலம்புவோருக்கு அது அழியவில்லை என்ற செய்தியும், ‘மொழி மாறிவிட்டது’ என்று முழங்குவோருக்கு அவ்வளவாக மாறவில்லை என்ற செய்தியும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

கடைசி வாக்கியத்தில் மட்டும் அகராதி தன் நிதானத்தைச் சற்றே இழக்கிறது. ஆர்வமின்மைப் பொருளில் எழுதினால், இச்சொல்லின் வரலாற்றை முழுமையாக அறியாத சிலருடைய அதிருப்திக்கு ஆளாக நேரிடும் என்ற பொருள்பட அது முடிகிறது. எனக்கு இந்தக் குத்தல் பிடித்திருக்கிறது. இருப்பினும் கற்பவருக்கு இது உதவாது. அதிருப்தி கொள்ளும் அந்தச் சிலர் பெரும்பாலும் விடைத்தாளைத் திருத்துபவராகவோ, கட்டுரையைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியராகவோ, நேர்காணல் குழுவில் இருப்பவராகவோ இருப்பார்கள். நானூறு ஆண்டு வரலாறு நம் பக்கம் இருக்கிறது என்று அவர்களிடம் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. பயன்பாட்டு வசதியிலும் இத்தளத்தைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். ஒலிப்பைக் காட்ட உலகப் பொதுக் குறியீட்டுக்குப் பதிலாகத் தனக்கேயுரிய குறியீட்டு முறையைப் பயன்படுத்துவதால், மற்ற அகராதிகளிலிருந்து வருபவர் புதிதாக ஓர் அட்டவணையைப் பழகிக்கொள்ள வேண்டும். விளம்பரங்களும் சொல் விளையாட்டுகளும் நிறைந்த பக்கத்தில் மேற்சொன்ன பத்தியைச் சென்றடையக் கைப்பேசித் திரையைக் கணிசமாக நகர்த்த வேண்டியுள்ளது. இவ்வளவு அரிய பத்தி முதல் திரையிலேயே இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்கன் ஹெரிட்டேஜ் அகராதி பிறந்ததே மெரியம்-வெப்ஸ்டர் மீதான கோபத்தில் என்று சொன்னால் மிகையாகாது. 1961-இல் பிலிப் கோவ் பதிப்பித்த வெப்ஸ்டரின் மூன்றாம் பெரும்பதிப்பு, சரி தவறு சொல்லாமல் வழக்கை மட்டும் பதிவுசெய்கிறது என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. அமெரிக்கன் ஹெரிட்டேஜ் நிறுவனம் மெரியம் நிறுவனத்தையே விலைக்கு வாங்க முயன்று, அது நடக்காமற்போகவே, 1969-இல் தனக்கென ஓர் அகராதியை வெளியிட்டது. எழுத்தாளர்கள், பத்திரிகையாளர்கள், அறிஞர்கள் அடங்கிய பயன்பாட்டுக் குழு ஒன்றை அமைத்து, சர்ச்சைக்குரிய வாக்கியங்களை அவர்களுக்கு அனுப்பி, ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று கேட்டு, விழுக்காட்டை அப்படியே அச்சிட்டது அதன் புதுமை. ‘தீர்வு காண்பதில் அவர் டிஸ்இன்ட்ரஸ்டட் என்பதை, ஐந்து நிமிடம் ஒதுக்க மறுத்ததே காட்டுகிறது’ என்ற பொருளுடைய வாக்கியத்தை 1980-இல் குழுவினரில் 93 விழுக்காட்டினரும், 1988-இல் 89 விழுக்காட்டினரும் மறுத்தனர். கோபில்டின் ‘இன்’ இந்தச் சோதனை வாக்கியத்திலும் இருப்பதைக் காணலாம்.

இந்த எண்களைச் சிலர் பழைமைவாதிகளின் பிடிவாதம் என்று ஒதுக்குவர். எனக்கு அவை மற்ற மூன்று அகராதிகளிலும் கிடைக்காத தகவலாகத் தோன்றுகின்றன. ‘தவறு என்று கருதப்படுகிறது’ என்ற ஆக்ஸ்ஃபர்டின் சொற்றொடரில் அப்படிக் கருதுவோர் நூற்றுக்கு மூவரா, தொண்ணூறு பேரா என்பது தெரியாது. எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முகஞ்சுளிப்பார்கள் என்று தெரிந்துகொண்டபின், அந்தப் பொருளில் எழுதுவதா வேண்டாமா என்பதை எழுதுபவரே தீர்மானித்துக்கொள்ளலாம். வருத்தத்துக்குரியது என்னவெனில், அந்தக் குழு 2018-இல் கலைக்கப்பட்டுவிட்டது. இனிப் புதிய வாக்கெடுப்பு வராது. தளத்தில் உள்ள எண்கள் காலப்போக்கில் வரலாற்று ஆவணமாகிவிடும்.

கைப்பேசியில் இலவசமாக இறங்கும் ஆங்கிலம்–தமிழ்ச் செயலிகளைப் பற்றியும் கேள்வி எழும். நான் பயன்படுத்திப் பார்த்த ஒரு செயலி, பெயர் வேண்டாம், இரு சொற்களுக்கும் ‘ஆர்வமற்ற’ என்ற ஒரே விடையைத் தந்தது. அந்த விடையுடன் கல்கி தீர்ப்பைப் படித்தால், கொலையுண்டவரின் மனைவி வழக்கில் ஆர்வமற்றவர் என்று நீதிமன்றம் கூறியதாகப் பொருள்படும். வேறு சில இடங்களில் ‘தன்னலமற்ற’ என்ற விடை கிடைக்கிறது. அது மேலானதுதான், ஆனால் அதிலும் ஒரு சறுக்கல் உண்டு. தமிழில் தன்னலமற்றவர் என்பது ஒருவருடைய குணத்தைப் புகழும் சொல். ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒருவர் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. நகைக் கடன் தரும் வங்கியில் தங்கத்தை உரசிப் பார்க்கும் மதிப்பீட்டாளருக்கு ஒவ்வொரு கடனுக்கும் கட்டணம் கிடைக்குமானால், அவர் எவ்வளவு உத்தமராக இருந்தாலும், அந்தக் கடன் விஷயத்தில் அவர் டிஸ்இன்ட்ரஸ்டட் அல்லர். கட்டணம் கடனைச் சார்ந்திராமல் மாதச் சம்பளமாக இருந்தால், அவர் எவ்வளவு சுமாரான மனிதராக இருந்தாலும், அந்தச் சொல்லுக்குத் தகுதி பெற்றுவிடுகிறார். ஆதலால் சட்ட, நிர்வாக உரைகளில் ‘ஆதாயத் தொடர்பற்ற’ என்றும், பொது உரைகளில் ‘பயன் கருதாத’ என்றும் எழுதுவதையே நான் விரும்புகிறேன். அன்இன்ட்ரஸ்டட் என்பதற்கு ‘ஆர்வமற்ற’, ‘நாட்டமில்லாத’ இரண்டும் பொருந்தும். அதில் தயங்க ஒன்றுமில்லை.

நிறுவனச் சட்டங்களைப் படிப்பவர் வேறொரு விந்தையையும் சந்திப்பார். இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், ஓர் ஒப்பந்தத்தில் தனக்குப் பங்கிருக்கும் இயக்குநரை ‘இன்ட்ரஸ்டட்’ இயக்குநர் என்றே அழைக்கிறது. 184-ஆம் பிரிவு அந்தத் தொடர்பை அவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. அத்தகைய இயக்குநர்கள் மொத்த எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கையோ அதற்கு மேலோ எட்டிவிட்டால், எஞ்சியவர்களைக் கொண்டு குறைவெண் வரம்பை (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையை) கணக்கிடும் 174-ஆம் பிரிவில், சட்டம் டிஸ்இன்ட்ரஸ்டட் என்ற சொல்லைத் தொடவேயில்லை; ‘இன்ட்ரஸ்டட் அல்லாத இயக்குநர்கள்’ என்று சுற்றிவளைத்து எழுதுகிறது. சர்ச்சைக்குரிய சொல்லைத் தவிர்க்கச் சட்ட வரைவாளர்கள் திட்டமிட்டே இப்படிச் செய்தார்களா என்பது வேறு. எழுதுபவர் பின்பற்றத்தக்க வழி இது. ஐயம் எழும் இடத்தில் ஆங்கிலத்தில் எழுதும் நம்மவரும் எதிர்மறை முன்னொட்டை விட்டுவிட்டு ‘அதில் அவருக்குப் பங்கில்லை’ என்றோ ‘அதில் அவருக்கு விருப்பமில்லை’ என்றோ விரித்து எழுதிவிடலாம்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பவருக்கு நான் ஆக்ஸ்ஃபர்டு லேர்னர்ஸ் அகராதியையே பரிந்துரைப்பேன். அவசரத்தில் திறந்து, ஒரு நிமிடத்தில் மூடிவிட்டு, பிழையில்லாமல் எழுதலாம். மொழிபெயர்ப்பாளரும் ஆங்கில ஆசிரியரும் அதனோடு மெரியம்-வெப்ஸ்டரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பொருள்களின் வரிசை எண்ணைப் பொருட்படுத்தாமல் நேராகக் கீழே உள்ள பயன்பாட்டுக் குறிப்புக்குச் செல்லும் பழக்கம் இருந்தால்தான் அதனால் நன்மை. அமெரிக்கன் ஹெரிட்டேஜ், வாக்கெடுப்பு எண்களுக்காக எப்போதாவது திறக்க வேண்டியது. கோபில்ட் இவற்றில் எதற்கும் மாற்றாகாது. ஒரு சொல் எந்த இடைச்சொல்லோடு சேரும் என்ற ஐயம் வரும்போது முதலில் பார்க்க வேண்டியது அது.

மெரியம்-வெப்ஸ்டரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வதற்குப் பெயர்ச்சொல் வடிவமும் ஒரு காரணம். பெயரடைகளில் வேறுபாட்டைக் கண்ணும் கருத்துமாகக் காப்பவர்கள்கூட ‘டிஸ்இன்ட்ரஸ்ட்’ என்ற பெயர்ச்சொல்லை ஆர்வமின்மை என்ற பொருளில் கூச்சமின்றி எழுதுகிறார்கள், ஏனெனில் ‘அன்இன்ட்ரஸ்ட்’ என்ற வடிவம் ஆங்கிலத்தில் மிக அரிதாகவே வழங்குகிறது. நடுநிலைப் பொருளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றால் ‘டிஸ்இன்ட்ரஸ்டட்னெஸ்’ என்ற நீண்ட வடிவத்தைத் தேட வேண்டியிருக்கிறது. மெரியம்-வெப்ஸ்டர் டிஸ்இன்ட்ரஸ்ட் பதிவில் தன்னலமின்மை, ஆர்வமின்மை ஆகிய இரு பொருள்களையும் தருகிறது. பெயரடையில் செல்லுபடியாகும் விதி பெயர்ச்சொல்லில் அப்படியே செல்லாது என்பதை அங்கே கண்டுகொண்டவர், ஆங்கிலச் செய்தித்தாளில் ‘வாக்காளர்களின் டிஸ்இன்ட்ரஸ்ட்’ என்று படிக்கும்போது அவர்களுடைய நடுநிலைமையைப் பாராட்டுகிறார்கள் என்று எண்ணித் தமிழில் எழுதிவிட மாட்டார்.